எல்க் வேட்டைக்கு .30-06 ரைஃபிள்: எந்தக் குண்டு, எந்த நிரப்பு?

தென்பொதிகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கொலராடோவில், டென்வர் நகருக்கு அருகில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக மியூல் மான் வேட்டைக்குச் சென்று வருகிறேன். இந்த அக்டோபருக்கான குலுக்கலில் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் பெண் எல்க் (பெரிய மான் இன விலங்கு) ஒன்றை வேட்டையாட எனக்கு அனுமதிச் சீட்டு கிடைத்திருக்கிறது. என்னிடம் இருப்பது 22 அங்குலக் குழலும், குழலுக்குள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரியும் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளம்) கொண்ட .30-06 போல்ட் ரைஃபிள். தோட்டாக்களை (கூடு, பிரைமர் என்ற தீமூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகியவை சேர்ந்தவை) நானே நிரப்பிக்கொள்ளக் கடந்த ஆண்டு கற்றுக்கொண்டேன். மானுக்கு 150 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) எடையுள்ள சாதாரணக் குண்டைப் பயன்படுத்தினேன், அதில் குறை எதுவும் காணவில்லை. ஆனால் எல்க் அந்த மானைப் போல இரண்டு மூன்று மடங்கு எடையுள்ள விலங்கு என்பதால், அதே குண்டை நம்பிச் செல்வது சரியாக இருக்குமா என்ற தயக்கம் எழுகிறது.

என் ஐயங்கள் இவை. 150, 165, 180 கிரெயின் எடைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் வகைக் குண்டா, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டா? மேலும், குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான 168 கிரெயின் துளைமுனைக் குண்டை நிரப்பிச் சுட்டபோது 100 கெஜத்தில் மூன்று குண்டுகளும் அரை அங்குலத்துக்குள் விழுந்தன. இவ்வளவு துல்லியமான நிரப்பை விட்டுவிட்டு, ஓர் அங்குலத்துக்கு மேல் பரவும் வேட்டைக் குண்டுக்கு மாறுவது அறிவுடைமைதானா? நான் சுட எண்ணியிருக்கும் தொலைவு அதிகபட்சம் 300 கெஜம்.

செங்கோடன்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை அதைத் தொடர்ந்தே வருகின்றன. போட்டிக் குண்டை எல்க் மீது பயன்படுத்த வேண்டாம். அதன் முனையில் இருக்கும் சிறு துளை, குண்டை உருவாக்கும் முறையின் காரணமாக எஞ்சுவது. உடலுக்குள் விரிவதற்காக வைக்கப்பட்டது அன்று. அத்தகைய குண்டு சில சமயம் ஊசி போல ஊடுருவிச் சிறு துளையோடு வெளியேறிவிடும், சில சமயம் எலும்பில் பட்டதும் உடைந்து சிதறிவிடும், எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அத்துடன், கொலராடோ விதிப்படி எல்க் வேட்டைக்கு விரியும் வகைக் குண்டுதான் பயன்படுத்தப்பட வேண்டும். அதன் எடை குறைந்தது 85 கிரெயினாகவும், 100 கெஜத்தில் தாக்கும் ஆற்றல் குறைந்தது 1,000 அடி-பவுண்டாகவும் இருக்க வேண்டும். எடையிலும் ஆற்றலிலும் .30-06 இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். விரிய வேண்டும் என்பதைத்தான் போட்டிக் குண்டு நிறைவு செய்யாது.

துல்லியத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பெண் எல்க் ஒன்றின் நுரையீரல் பகுதி பக்கவாட்டில் ஓரடிக்குக் குறையாத விட்டம் உடையது. 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் பரவும் நிரப்பு, 300 கெஜத்தில் நான்கரை அங்குலம் பரவும். அந்த வேறுபாடு விலங்கின் மீது எந்த விளைவையும் ஏற்படுத்தாது. மூச்சு வாங்க மலையேறி, மண்டியிட்டு, காற்றில் ஆடும் ரைஃபிளோடு நீங்கள் சுடும்போது ஏற்படும் தடுமாற்றமே அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே அரை அங்குலத்தைத் துரத்துவதை விட்டு, பட்ட இடத்தில் குண்டு என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

விரியும் குண்டு ஒவ்வொன்றுக்கும் அது சரியாகப் பணியாற்றும் வேக எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்குக் கீழே பட்டால் விரியாது. மிகவும் மேலே பட்டால், மெல்லிய உறையுள்ள குண்டு தோள்பட்டையிலேயே சிதறி நுரையீரலை எட்டாமல் போகும். 1946ஆம் ஆண்டு ஜான் நாஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 எச் அண்ட் எச் மேக்னம் ரைஃபிளைக் கொண்டு மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடியபோது சந்தித்தது இந்த இரண்டாவது சிக்கலைத்தான். அக்காலத்துக் குண்டுகள் அந்த வேகத்தைத் தாங்காமல், சேறு காய்ந்த தடித்த தோலையும் தசையையும் கடக்கும் முன்பே உடைந்தன. அதன் விளைவாக அவர் உருவாக்கி 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததே பார்ட்டிஷன் குண்டு. அதன் நடுவே செம்பு உறையின் பகுதியாகவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். முன்பாதியின் ஈயம் விரிந்து, ஓரளவு சிதறியும் போகும். பின்பாதி சுவருக்குப் பின்னால் அப்படியே இருந்துகொண்டு குண்டை உள்ளே தள்ளிச் செல்லும். அதனால் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பிறகும் அது ஆழமாகச் செல்கிறது. முன்பகுதி மென்மையாக இருப்பதால், வேகம் குறைந்த தொலைவிலும் தவறாமல் விரிகிறது.

உங்கள் ரைஃபிளுக்கு நான் பரிந்துரைப்பது 180 கிரெயின் பார்ட்டிஷன். வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும் அந்தக் குண்டு, கடல்மட்டக் கணக்கின்படி 300 கெஜத்தில் ஏறத்தாழ 2,140 அடியும், 400 கெஜத்தில் ஏறத்தாழ 1,970 அடியும் வேகம் வைத்திருக்கும். நீங்கள் செல்லும் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 22 அங்குலக் குழலில் நூறு அடி வேகம் குறைந்தாலும், 1,800 அடி என்ற அதன் விரிவு எல்லைக்கு வெகு மேலேதான் 300 கெஜத்தில் இருப்பீர்கள். 165 கிரெயினும் தவறாகாது. 150 கிரெயின் சாதாரணக் குண்டு விலா எலும்புகளுக்கு இடையே பட்டால் எல்க்கையும் வீழ்த்தும்; ஆனால் விலங்கு சாய்வாக நிற்கும்போது தோளை உடைத்துக்கொண்டு மறுபக்க நுரையீரல் வரை செல்லும் என்று அதை நம்ப நான் ஆயத்தமாக இல்லை.

குறிஞ்சிவாசி

செங்கோடன் ஐயா கூறிய வேக எல்லைக் கருத்து முற்றிலும் சரி. ஆனால் பார்ட்டிஷனோடு நின்றுவிடாமல் முழுச் செம்புக் குண்டையும் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதற்காரணம், நாம் சுடுவது உண்பதற்காக. ஈயக் குண்டால் வீழ்த்தப்பட்ட மான்களை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் காயத் தடத்திலிருந்து அரைச் சாணுக்கு மேல் தள்ளியும் பரவியிருப்பது தெரியவந்தது. கொத்துக்கறியாக அரைக்கும்போது அவை எங்கும் கலந்துவிடுகின்றன. வீட்டில் சிறு குழந்தைகளோ, கருவுற்றவர்களோ இருந்தால் இது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அன்று. இரண்டாவது, நாம் காட்டில் விட்டுவரும் குடலையும் மிச்சத்தையும் உண்ணும் கழுகுகள். கலிபோர்னியப் பெருங்கழுகின் இறப்புக்கு ஈயநஞ்சு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருந்ததால்தான், கலிபோர்னிய மாநிலம் 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற தோட்டாக்களைக் கட்டாயமாக்கியது. அரிசோனாவில் கட்டாயம் இல்லை. அங்கே கைபாப் பீடபூமியில் வேட்டையாடுவோருக்கு மாநிலத் துறையே ஈயமற்ற தோட்டாக்களை வழங்கி, விருப்பத்தின் பேரில் மாறச் செய்கிறது. எனக்கு அரிசோனாவின் வழியே பிடித்திருக்கிறது, ஏனென்றால் காரணத்தைப் புரிந்துகொண்டு மாறியவர் பிறகு பழைய வழிக்குத் திரும்புவதில்லை.

இனி, குண்டின் இயல்பு. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம் என்றால் செம்பு 9 கிராம்தான். அதனால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், கூட்டுக்குள் மருந்துக்கான இடத்தையும் எடுத்துக்கொள்ளும். இதற்குத் தீர்வு எளிது: ஒரு படி இலேசான குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயத்தில் 180 கிரெயின் வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் செம்பில் 165 அல்லது 168 கிரெயின் போதும், ஏனென்றால் செம்புக் குண்டு விரிந்து முடிந்த பிறகும் தன் எடையில் ஏறத்தாழ முழுவதையும் வைத்திருக்கும். முடிவில் உள்ளே செல்லும் எடையைக் கணக்கிட்டால், 168 கிரெயின் செம்பே 180 கிரெயின் பார்ட்டிஷனைவிட அதிகமாக எஞ்சுகிறது. நீங்கள் கூறிய 10 அங்குலப் புரி அந்த நீளத்தை நன்றாக நிலைநிறுத்தும்.

அதன் குறையையும் மறைக்கக் கூடாது. செம்பு கடினமானது, விரிவதற்கு வேகம் வேண்டும். 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் எக்ஸ் குண்டுகள் சில ரைஃபிள்களில் குழலுக்குள் செம்பைப் படியவிட்டன, துல்லியமும் சீராக இல்லை. 2003இல் வந்த டிஎஸ்எக்ஸ் குண்டின் உடலில் வெட்டப்பட்ட வளையப் பள்ளங்கள் அந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்த்தன. பின்னர் வந்த டிடிஎஸ்எக்ஸ் குண்டின் பாலிமர் முனை, விரிவைத் தொடங்கிவைக்க உதவுகிறது. எனினும் வேகம் 2,000 அடிக்குக் கீழே இறங்கும் தொலைவில் நான் செம்பை நம்பிச் சுடுவதில்லை. 168 கிரெயின் குண்டு 2,800 அடியில் புறப்பட்டால் 400 கெஜம் வரை அந்த எல்லைக்கு மேலேயே இருக்கும். உங்கள் குழல் சற்றுக் குறைவான வேகத்தையே தந்தாலும் 300 கெஜத்தில் கவலை இல்லை.

நெடுவழி

இரண்டு குண்டுகளில் எதை எடுத்தாலும் எல்க் விழும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனவே இதுவரை யாரும் தொடாத பகுதியை எழுதுகிறேன்: அந்தக் குண்டை எப்படி நிரப்புவது. கேட்டவர் ஓராண்டு அனுபவம் உள்ளவர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்தின் அளவை இணையத்தில் யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள். குண்டு தயாரித்த நிறுவனத்தின் கையேட்டிலோ, மருந்து தயாரித்த நிறுவனத்தின் அட்டவணையிலோ, உங்கள் குண்டின் அதே எடைக்கும் அதே வகைக்கும் உரிய அளவைப் பாருங்கள். 168 கிரெயின் ஈயக் குண்டுக்கு அச்சிட்ட அளவை 168 கிரெயின் செம்புக் குண்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. குறிஞ்சிவாசி கூறிய நீளத்தாலும், குழலோடு உராயும் தன்மை மாறுவதாலும் அழுத்தம் வேறுபடும். மருந்தின் பெயரிலும் கவனம் தேவை. ஐஎம்ஆர் 4350 வேறு, எச் 4350 வேறு. எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்வது ஆபத்து.

.30-06 தோட்டாவில் 165 முதல் 180 கிரெயின் குண்டுகளுக்கு 4350 வகை மருந்துகள் மிகவும் பொருத்தமானவை. மெதுவாக எரியும் அந்த மருந்து கூட்டை ஏறக்குறைய நிறைத்துவிடுவதால், தவறுதலாக இருமுறை கொட்டினால் வழிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புதியவருக்கு இது பெரிய பாதுகாப்பு. எச் 4350க்கு இன்னொரு சிறப்பு, வெப்பநிலை மாறினாலும் அதன் வேகம் அதிகம் மாறாது. நீங்கள் ஜூலை மாத வெயிலில் சோதித்த தோட்டாவை, அக்டோபரில் உறைநிலைக்குக் கீழே இருக்கும் விடியற்காலையில் சுடப் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன்: நண்பர் யாரிடமாவது வாயுவின் விசையால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் எம்1 கேரண்ட் ரைஃபிள் இருந்து, அதுவும் .30-06 தானே என்று உங்கள் தோட்டாவைக் கேட்டால் கொடுக்காதீர்கள். மெதுவான மருந்தும் கனமான குண்டும் அதன் வாயுத் துளையில் மிகுதியான அழுத்தத்தை உண்டாக்கி, இயக்கத் தண்டை வளைத்துவிடும்.

கையேட்டின் தொடக்க அளவிலிருந்து தொடங்கி, அரை அரை கிரெயினாக ஏற்றிச் செல்லுங்கள். உச்ச அளவை எட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் எஜெக்டரின் (கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு) தடம் பளபளவென்று பதிவது, போல்ட் இறுகித் திறப்பது ஆகியவை மிகை அழுத்தத்தின் அடையாளங்கள் என்று எல்லோரும் சொல்வர். ஆனால் இவை காலம் தாழ்த்தி வரும் அடையாளங்கள். .30-06க்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. இந்த அடையாளங்கள் தெளிவாகத் தெரியும் நேரத்தில் அந்த எல்லையைப் பெரும்பாலும் தாண்டியிருப்போம். ஆகவே குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கையேடு 2,700 அடி என்று கூறும் அளவில், உங்கள் குறுகிய குழல் 2,780 அடி காட்டினால், அது உங்கள் ரைஃபிளின் திறமை அன்று. எங்கோ அழுத்தம் கூடுகிறது என்று பொருள். உடனே அளவைக் குறையுங்கள்.

கூட்டைப் பற்றி இரண்டு செய்திகள். அதன் உச்ச நீளம் 2.494 அங்குலம், அதைத் தாண்டியவற்றை 2.484 அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூட்டின் வாய் ரைஃபிளின் தோட்டா அறையின் முனையில் சிக்கிக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். அடுத்து, வேட்டைக்கான கூடுகளைக் கழுத்து மட்டும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குச் சீர்செய்வதோடு நிறுத்தாமல் முழு நீளமும் சீர்செய்யுங்கள். கூட்டின் தோள் பகுதியை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் ஒவ்வொரு சுடுதலிலும் கூடு நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து, ஒரு நாள் அங்கேயே இரண்டாகப் பிரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் அந்த மெலிந்த பள்ளம் விரலுக்குத் தெரியும்.

குண்டைப் புரியின் தொடக்கத்தைத் தொடும்படி அமர்த்தித் துல்லியம் தேடுவது பலரின் பழக்கம். வேட்டைத் தோட்டாவில் அதை நான் ஏற்கவில்லை. தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுக்கும்போது குண்டு புரியில் ஒட்டிக்கொண்டு, கூடு மட்டும் வெளியே வந்து, மருந்து முழுவதும் போல்ட்டுக்குள் கொட்டினால், அந்த நாளின் வேட்டை அத்துடன் முடிந்தது. செம்புக் குண்டுகளுக்கு அதன் தயாரிப்பாளர்களே குறைந்தது 0.050 அங்குல இடைவெளி விடச் சொல்கிறார்கள். துல்லியமும் அங்கேதான் கிடைக்கிறது. மொத்த நீளம் 3.340 அங்குலத்துக்குள் இருந்து, உங்கள் மேகசினில் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொரு தோட்டாவையும் பாதுகாப்பான இடத்தில் ஏற்றிப் பாருங்கள்.

தென்பொதிகை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. போட்டிக் குண்டை ஒதுக்கிவிட்டேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் குறிஞ்சிவாசி கூறிய காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 168 கிரெயின் செம்புக் குண்டை எடுத்துக்கொள்ள எண்ணுகிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. இதுவரை ஈயக் குண்டு சுட்ட அதே குழலில் செம்புக்கு மாறும்போது தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா? மூன்று குண்டுகளின் பரவலை வைத்து நிரப்பை முடிவு செய்யலாமா?

நெடுவழி

குழலை முதலில் செம்பு நீக்கும் கரைசலால், துணியில் நீலநிறம் வராத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். பழைய குண்டின் உறைப் படிவின் மேல் புதிய செம்பு ஏறினால் பரவல் ஒழுங்கற்றுப் போவதைப் பல ரைஃபிள்களில் பார்த்திருக்கிறேன். துடைத்த பிறகு சில குண்டுகள் சுட்டுக் குழல் நிலைப்பட்ட பின்னரே சோதனையைத் தொடங்குங்கள். அதன் பிறகு வேட்டை முடியும் வரை முழுமையாகத் துடைக்க வேண்டாம்.

மூன்று குண்டுகள் போதா. அதே நிரப்பு இன்று அரை அங்குலமும் நாளை ஒன்றரை அங்குலமும் காட்டும், இரண்டுமே தற்செயல். பத்துக் குண்டுகளையாவது, குழல் சூடேறாமல் இடைவெளி விட்டு, ஒரே தாளில் சுட்டுப் பாருங்கள். அதைவிடப் பயனுள்ளது, வெவ்வேறு நாட்களில் குளிர்ந்த குழலிலிருந்து முதல் குண்டை மட்டும் அதே தாளில் சுட்டுச் சேர்ப்பது. எல்க் மீது நீங்கள் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான்.

செங்கோடன்

செம்பை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை; 300 கெஜம் என்ற உங்கள் எல்லைக்குள் அது நன்றாகவே பணியாற்றும். ஆனால் அந்த எல்லையை மலையில் நின்று மாற்றிக்கொள்ளாதீர்கள். 200 கெஜத்தில் குறி பொருந்தும்படி ஸ்கோப்பைச் சீர்செய்தால், 100 கெஜத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேயும், 300 கெஜத்தில் ஏழு எட்டு அங்குலம் கீழேயும் படும். இந்த எண்களை உங்கள் ரைஃபிளில் 300 கெஜத் தாளில் சுட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நுரையீரலில் பட்ட செம்புக் குண்டு பெரும்பாலும் மறுபக்கம் துளைத்து வெளியேறும் என்பதால், குறி பார்க்கும்போது அந்த எல்க்குக்குப் பின்னால் வேறொரு எல்க் நிற்கவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே சுடுங்கள். பெண் எல்க்குகள் கூட்டமாகவே மேயும், உங்கள் சீட்டு ஒன்றுக்குத்தான். பட்டதும் விலங்கு விழாமல் நடந்தாலும், அது நின்றுகொண்டிருக்கும் வரை, பின்புலம் பாதுகாப்பாக இருந்தால், அடுத்த குண்டையும் அதே இடத்தில் செலுத்துங்கள்.